“ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்”

நீளமான த்ரெட். கொஞ்சம் ரத்தமும் இருக்கு, சாப்பிடுற நேரத்துல படிக்காதீங்க.

ரெண்டு நாளா ஒரு வீடியோ சுத்துது. ஏதோ ஒரு அரசு மருத்துவமனையின் ஓ.பி. வரிசை. அதுல பாதிப் பேர் வடமாநிலத் தொழிலாளர்கள். மேல தலைப்பு: “நம்ம வரிப்பணம், வடக்கனுக்கு வைத்தியம்.” கீழே ஆமோதிச்சவங்கள்ல நான் மதிக்கிற சிலரும் இருந்தாங்க. அவங்களுக்காகத்தான் எழுதுறேன். மத்தபடி ட்ரோல் பண்ற ஐடிகளோட சண்டை போட எனக்கு நேரம் இல்லை.

அந்தக் கோபத்துல பாதி நியாயம் இருக்கு. நம்ம வரிப்பணம் போகுது, உண்மைதான். யாருக்குப் போகுதுங்கிற இடத்துலதான் தப்பான ஆளைக் காட்டுறீங்க.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில், ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். சட்டம் படிச்சவங்க இல்லை, தொழில்சார் நோய் நிபுணரும் இல்லை. சுத்துவட்டாரம் முழுக்க பனியன் கம்பெனி, ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில், செங்கல் சூளை, புதுசா எழும்புற அபார்ட்மென்ட். கேசுவாலிட்டியில் டூட்டி பார்த்தா வாரத்துக்கு நாலஞ்சு “கை” வரும். ஆளைச் சொல்ல மாட்டோம், கையைத்தான் சொல்வோம். “சார், ஒரு கை வந்திருக்கு.” எங்க பாஷை அப்படி.

கையோட கூட ஒருத்தர் வருவார். சூப்பர்வைசரா இருக்கும், இல்லைன்னா காண்ட்ராக்டரோட ஆள். நான் அடிபட்டவனைப் பார்த்துக் கேட்பேன், “என்னப்பா ஆச்சு?” பதில் பக்கத்திலிருந்து வரும். “ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்.”

பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவங்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறோம். மணிக்கட்டு உடையும், இடுப்பு உடையும், தலையில் காயம் ஆகும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணும் ஒரே நேர்கோட்டில், ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி போகாது. அது பவர் பிரஸ் செய்கிற வேலை. காயத்துக்குள்ள கிரீஸ் இருக்கு. நகக்கண்ணுல இரும்புத்தூள் இருக்கு. யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி வேற சட்டை மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க, ஆனா பேன்ட்டை மாத்த மறந்துட்டாங்க. எந்த ரூமுங்க அது, கிரீஸ்ல குளிக்கிற ரூம்?

பையன் ஆதார்ல 22. முகத்தைப் பார்த்தா அதைவிடக் கம்மி. ஒரு வார்த்தை பேசலை. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஒடியா தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளரா நிக்கிறவருக்கு, அவன் உண்மையைச் சொன்னா நஷ்டம்.

இந்த த்ரெட் முழுக்க நான் சொல்ல வர்றது இந்த இடத்தைப் பத்தித்தான். வெளிமாநிலத் தொழிலாளியோட உரிமை தொலையுறது கோர்ட்டுலயோ பார்லிமென்ட்டுலயோ இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, கேசுவாலிட்டி டேபிள்ல, ஒரு பதிவேட்டில், ஒரே வரியில் தொலையுது.

அந்தப் பதிவேட்டுக்குப் பேர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். நாங்க ஏ.ஆர்.னு சொல்வோம். யார் வந்தது, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொல்றாங்க, என்ன காயம். போலீசுக்குத் தகவல் போறது அதை வச்சுத்தான். பின்னாடி இன்சூரன்ஸ், இழப்பீடு, கோர்ட்டுன்னு எங்கே போனாலும் முதல்ல கேட்கிற காகிதம் அது. அங்கே “கம்பெனியில், வேலை நேரத்தில், பிரஸ் மெஷினில்”னு எழுதினா அது தொழில் விபத்து. “தங்கும் அறையில் தவறி விழுந்ததில்”னு எழுதினா அது அவனோட தலையெழுத்து.

இந்த ரெண்டு வரிக்கும் நடுவுல எவ்வளவு ரூபாய் இருக்குன்னு பார்ப்போம்.

1923-ஆம் வருஷத்திலிருந்தே ஒரு சட்டம் இருக்கு, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இப்போ அது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, கணக்குப் போடும் முறை மாறலை. அதுல ஒரு அட்டவணை இருக்கு, படிக்கவே ஒரு மாதிரி இருக்கும். கட்டைவிரல் போனா சம்பாதிக்கும் திறன்ல 30 சதவீத இழப்பு. ஒரு கையின் ரெண்டு விரல் போனா 20. மூணு விரல் போனா 30. நாலு விரல் போனா 50. மாதச் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) எடுத்து, அதில் 60 சதவீதத்தை வயசுக்கான ஒரு எண்ணால் பெருக்கணும். 22 வயசுக்கு அந்த எண் 221.37. வர்ற தொகையில் 30 சதவீதம் மூணு விரலுக்கு.

15,000 சம்பளம் வாங்குற நம்ம பையனுக்குக் கணக்குப் போட்டா 5,97,699 ரூபாய். கிட்டத்தட்ட ஆறு லட்சம்.

அவன் இஎஸ்ஐ-ல இருந்தா கணக்கு வேற. மொத்தமா வராது, மாசாமாசம் வரும். தினக்கூலி 500-னு வச்சா, அதில் 90 சதவீதம் 450, அதில் 30 சதவீதம் 135. ஒரு நாளைக்கு 135 ரூபாய், உயிரோட இருக்கிற வரைக்கும். காயம் ஆறும் வரை லீவுல இருக்கிற நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தனி. இன்னொண்ணு, பலருக்கும் தெரியாதது: சாதாரண நோய்க்கு இஎஸ்ஐ-ல பணப்பலன் வாங்கத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும்னு விதி. வேலையில் நடந்த விபத்துக்கு அது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதல் மணி நேரத்துல கை போனாலும் பாதுகாப்பு உண்டு.

நடைமுறையில் கிடைக்கிறது என்ன? நான் பார்த்தவரைக்கும் பதினஞ்சாயிரம், இருபதாயிரம் கையில் கொடுத்து, தையல் பிரிச்சதும் ரயில் ஏத்தி விடுறாங்க. “ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு, சரியானதும் வா.” ஒரு வெள்ளைப் பேப்பர்ல இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கைலதான் கட்டு இருக்கே.

(அந்தப் பேப்பர் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததா எழுதி வாங்கற எந்த ஒப்பந்தமும் செல்லாதுன்னு அதே 1923 சட்டம் அப்பவே சொல்லிடுச்சு. ஆனா இது அவனுக்குத் தெரியணுமே.)

இப்போ வரிப்பணத்துக்கு வருவோம்.

அந்தப் பையனுக்கு நாங்க ஆபரேஷன் பண்ணோம். ரத்தம், ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே, ஒன்பது நாள் படுக்கை, எல்லாம் இலவசம். யார் பணம்? உங்க பணம், என் பணம், சோப்பு வாங்கும்போதும் போன் ரீசார்ஜ் பண்ணும்போதும் அவன் கட்டின ஜிஎஸ்டி-யும் சேர்ந்த பணம். ஆனா சட்டப்படி இந்தச் செலவு யாரோடது? அவனை வேலைக்கு வச்சவரோடது. 10 பேருக்கு மேல வேலை செய்ற கம்பெனின்னா, 21,000 வரை சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் சம்பளத்தில் 3.25 சதவீதம் முதலாளி கட்டணும், 0.75 தொழிலாளி கட்டணும், வைத்தியத்தை இஎஸ்ஐ பார்க்கும். அதைக் கட்டாம மிச்சம் பிடிச்சுட்டு, விபத்து நடந்ததும் இஎஸ்ஐ பக்கம் போனா கேள்வி வரும்னு, “ரூம்ல விழுந்துட்டான்”னு நம்ம ஜி.எச்-ல இறக்கி விட்டுட்டுப் போறாங்க. சில இடத்துல விபத்து நடந்த அன்னைக்கு ராத்திரிதான் அவசர அவசரமா ஆன்லைன்ல இஎஸ்ஐ நம்பரே போடுறாங்க.

அப்போ நம்ம வரிப்பணத்தில் வைத்தியம் பார்த்துக்கிறது யாருங்க? படுத்திருக்கிற அந்தப் பையனா? அவனோட முதலாளிங்க. வீடியோ எடுக்கணும்னா கேமராவை வரிசையில் நிக்கிறவன் பக்கம் திருப்பாதீங்க. வாசல்ல இறக்கி விட்டுட்டு யூ-டர்ன் போடுற கம்பெனி வண்டி பக்கம் திருப்புங்க.

எல்லா முதலாளியும் அப்படியான்னு கேட்பீங்க. இல்லை. விபத்து நடந்த அரை மணி நேரத்துல ஹெச்.ஆர். ஃபைலோட வந்து நின்னு, விபத்து அறிக்கை கொடுத்து, இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு மாத்திக் கூட்டிட்டுப் போன கம்பெனிகளையும் பார்த்திருக்கேன். அப்படி ஒழுங்கா நடத்துறவருக்குத்தான் இதுல முதல் நஷ்டம். அவர் கட்டுற 3.25 சதவீதத்தைக் கட்டாதவன் பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்து அவரைவிடக் கம்மி ரேட்டுக்கு ஆர்டர் பிடிக்கிறான்.

பெரிய விபத்து நடந்தா பேப்பர்ல வரும். 2014 ஜூன்ல மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்தாங்க, ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்தவங்களும் நம்ம ஊர்க்காரங்களும். 2025 செப்டம்பர் 30 அன்னைக்கு எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிஞ்சு 9 பேர், அசாம்லேருந்து வந்தவங்க. அதுக்கெல்லாம் அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிப்பாங்க. மூணு விரலுக்கு யாரும் வரமாட்டாங்க. மூணு விரலுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த ஏ.ஆர். வரி.

பதிவு இல்லைன்னா என்ன ஆகும்னு நாடே ஒரு தடவை பார்த்திருக்கு. 2020 லாக்டவுன்ல நடந்தே போனவங்களை டிவியில் பார்த்தோம். மே 8-ஆம் தேதி மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கத்துல தண்டவாளத்தில் படுத்துத் தூங்கின 16 பேர் மேல சரக்கு ரயில் ஏறிச்சு, சிதறிக் கிடந்த சப்பாத்தியோட போட்டோ இன்னும் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் செப்டம்பர்ல பார்லிமென்ட்ல கேட்டாங்க, ஊர் திரும்புற வழியில் எத்தனை தொழிலாளர்கள் செத்தாங்க, குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டான்னு. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் பதில்: அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை.

அந்த “ஆகவே”-யை மட்டும் இன்னொரு தடவை படிங்க. கேசுவாலிட்டியில் சூப்பர்வைசர் செய்றதும் அதேதான். அளவுதான் சின்னது.

நோய்க்கு வந்தா இன்னும் மோசம். விரல் போனா உடனே தெரியும். நுரையீரல் போக வருஷங்கள் ஆகும். அதுக்குள்ள ஆள் ஊருக்குப் போயிருப்பான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டத்து ஆதிவாசிகள் பக்கத்து மாநிலமான குஜராத்துக்கு, கோத்ரா பக்கம் கல்மாவு அரைக்கிற ஆலைகளுக்கு வேலைக்குப் போனாங்க. குவார்ட்ஸ் கல்லை உடைச்சுப் பொடியாக்குற வேலை. அந்தத் தூசு நுரையீரலில் படிஞ்சு சிலிகோசிஸ். மருந்து கிடையாது. படிஞ்சது படிஞ்சதுதான். ஊர் திரும்பி ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா செத்தாங்க, இளைஞர்கள். ஆலை ஒரு மாநிலத்தில், சாவு இன்னொரு மாநிலத்தில். எங்க ஆலையில் யாரும் சாகலையேன்னு இவங்க சொல்லலாம், எங்க ஊர்ல ஆலையே இல்லையேன்னு அவங்க சொல்லலாம். 238 பேர் சாவுக்குத் தலைக்கு 3 லட்சம் குஜராத் அரசு கொடுக்கணும்னு தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது 2010-ல. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து உத்தரவு போட்டது 2016-ல. அதுவும் ஊர் ஊரா, வீடு வீடா போய்ப் பேர் எழுதி, எங்கே வேலை பார்த்தான்னு பதிவு பண்ணின ஆட்கள் இருந்ததால.

நம்ம ஃபவுண்டரிகள்லயும் மணல் இருக்கு. அச்சு மணல் தட்டுற இடத்துல வேலை பார்க்கிறவங்க இருமலோட வந்தா நாம முதல்ல நினைக்கிறது டி.பி. எக்ஸ்ரே-வும் கிட்டத்தட்ட அந்த மாதிரியே இருக்கும். என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமான்னு ஒரு கேள்வி கேட்டாத்தான் இன்னொரு யோசனை வரும். சிலிகோசிஸ், பஞ்சுத் தூசால வர்ற பிசினோசிஸ் ரெண்டும் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூணாவது அட்டவணையிலேயே இருந்தது, கண்டுபிடிக்கிற டாக்டர் எழுத்துல தகவல் கொடுத்தே ஆகணும். சக டாக்டர்களே, கடைசியா எப்போ கொடுத்தீங்க?

“எங்களுக்கு ஏன் இந்த வேலை, நோயாளி சொன்னதை எழுதுறோம், விசாரிக்கிறது போலீஸ் வேலை”னு டாக்டர் குரூப்ல சொல்வாங்க. சரிதான். ஆனா நோயாளி எங்கேங்க சொன்னான்? கூட வந்தவர்தானே சொன்னார். அப்படின்னா அப்படியே எழுதுங்க: “தகவல் சொன்னவர்: உடன் வந்த மேற்பார்வையாளர்.” பேரு, போன் நம்பர், கம்பெனி பேரு. காயத்தின் தன்மை சொன்ன கதையோட ஒத்துப்போகலைன்னா அதையும் ஒரு வரி எழுதுங்க. இதுக்கு வீரம் எதுவும் தேவையில்லை, நாலு வரி அதிகமா மை செலவாகும். கூட வந்தவரைப் பத்து நிமிஷம் வெளியே நிக்க வைக்கிற அதிகாரம் டூட்டி டாக்டருக்கு இருக்கு. குடும்ப வன்முறை கேஸ்ல புருஷனை வெளியே அனுப்பிட்டுத்தானே பேசுறோம், அதே மாதிரி.

இந்த விஷயத்துல டாக்டரோட பேனாவுக்கு எவ்வளவு வெயிட்டுன்னு சிங்கப்பூர் காட்டியிருக்கு. அந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கு, அங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் நிக்கிறது நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பசங்க. முன்னாடி அங்கே ஒரு விதி இருந்தது: 3 நாளுக்கு மேல மருத்துவ லீவு கொடுத்தா அந்த விபத்தை முதலாளி அரசுக்குச் சொல்லணும். விளைவு என்ன? டாக்டரைப் பிடிச்சு 2 நாள் லீவு மட்டும் எழுத வைக்கிறது. கை எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆன ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு 2 நாள் லீவு எழுதின எலும்பு டாக்டரை 2016-ல அங்கத்து உயர் நீதிமன்றம் 6 மாசம் சஸ்பெண்ட் பண்ணிச்சு. 2020 செப்டம்பர்லேருந்து விதியையும் மாத்திட்டாங்க. ஒரு நாள் லீவு எழுதினாலும் தகவல் சொல்லணும்.

அந்தச் செய்தி வந்தப்போ நம்ம ஆட்கள் எல்லாம் கைதட்டினாங்க. “நம்ம பசங்களை எப்படி நடத்துறாங்க பாரு”ன்னு. சரி, இங்கே நம்ம கேசுவாலிட்டியில் படுத்திருக்கிறவனோட அம்மா ஒடிசாவில் இருந்துகிட்டு அதையேதானே சொல்வாங்க?

மும்பையில் 1960-கள்ல லுங்கி கட்டினவனை விரட்டுன்னு நம்ம ஆட்களைத்தான் அடிச்சாங்க. அன்னைக்கு அவங்க சொன்ன காரணத்தை எடுத்துப் பாருங்க: வேலையைப் பறிக்கிறான், கம்மி கூலிக்கு வர்றான், ஊரை நாசம் பண்றான். இன்னைக்கு நம்ம டைம்லைன்ல இருக்கிற வாசகங்கள் அப்படியே இருக்கும், மொழிதான் வேற. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார்காரங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவினப்போ நமக்கு எவ்வளவு கோபம் வந்தது? நாங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு சொன்னோம். சந்தோஷம். அடிக்காம இருக்கிறது மட்டும் போதுமா?

“அதெல்லாம் சரி டாக்டர், அவன் வந்ததால உள்ளூர்க்காரனுக்குக் கூலி குறையுதே?” இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் ஓ.பி-யில் அதைச் சொல்ற உள்ளூர்த் தொழிலாளிகள் இருக்காங்க, அவங்க வலி நிஜம். ஆனா யோசிங்க, முதலாளி ஏன் அவனைத் தேடிப் பிடிக்கிறார்? உழைப்பாளிங்கிறதெல்லாம் மேடைப் பேச்சு. 12 மணி நேரம் நிக்க வைக்கலாம். யூனியன் சேரமாட்டான். கம்பெனி ரூம்லயே படுத்திருப்பான். கை போனா இருபதாயிரத்துல ரயில் ஏத்திடலாம். உங்களுக்குக் கை போனா முடியாது. உங்க மச்சான் வருவார், ஊர்ப் பெரியவர் வருவார், கட்சிக்காரர் வருவார், கம்பெனி வாசல்ல பாடியை வச்சு உட்காருவாங்க. அவன் விரலோட விலை இருபதாயிரமாவும் உங்க விரலோட விலை ஆறு லட்சமாவும் இருக்கிற வரைக்கும் வேலை அவனுக்குத்தான் போகும். அவனை விரட்டி இதைச் சரிபண்ண முடியாது, இந்திய அரசமைப்பு யாரும் எங்கேயும் போய் வாழலாம்னு சொல்லுது. அவன் விரலுக்கும் ஆறு லட்சம்னு ஆக்கிப் பாருங்க. அப்புறம் பிரஸ் மெஷினுக்குப் பாதுகாப்பு சென்சார் தானா வரும், உள்ளூர்க்காரனை வேலைக்கு எடுக்கறதுல இருக்கிற “நஷ்டமும்” போயிடும்.

சட்டமே இல்லையான்னா, இருந்தது. 1979-லயே மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்குன்னு தனிச் சட்டம். காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ், தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டின பாஸ்புக், இடம்பெயர்வுப் படி, பயணப் படி, தங்க இடம், இலவச மருத்துவ வசதி. பெரிய காயமோ சாவோ நடந்தா ரெண்டு மாநில அரசுக்கும் குடும்பத்துக்கும் தகவல் சொல்லணும். காகிதத்தில் அருமையான சட்டம். அந்த பாஸ்புக்கை நான் இதுவரைக்கும் ஒரு நோயாளி கையில்கூடப் பார்த்ததில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதுத் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கு. நல்லது ஒண்ணு இருக்கு: காண்ட்ராக்டர் இல்லாம தானா வந்து சேர்ந்தவனும் இப்போ புலம்பெயர் தொழிலாளி கணக்கில் வருவான். ஆனா பழைய சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தும், இப்போ 10 பேர் வேணும். இடம்பெயர்வுப் படி காணோம். ஒரே ஷெட்ல மூணு காண்ட்ராக்டர் பேர்ல ஒன்பது ஒன்பது பேரா பிரிச்சுக் காட்டுறதுக்கு ஆடிட்டர் வேணுமா என்ன? இ-ஷ்ரம் தளத்துல 30 கோடிப் பேருக்கு மேல பதிவு பண்ணியிருக்காங்க. அந்த கார்டை லேமினேட் பண்ணி பர்ஸ்ல வச்சிருப்பாங்க. கார்டு இருக்கு, விரல் இல்லை. அந்த கார்டை வச்சு நான் என்ன செய்யணும்னு எந்தச் சுற்றறிக்கையும் என் டேபிளுக்கு வந்ததில்லை.

கேரளா 2017-லயே ‘ஆவாஸ்’னு ஒரு காப்பீடு கொண்டு வந்தாங்க, வெளிமாநிலத் தொழிலாளிக்குன்னே. தொகை சின்னதுதான், சிகிச்சைக்கு 15,000, விபத்தில் செத்தா 2 லட்சம். குறை சொல்ல நிறைய இருக்கு. ஆனா அவன் இங்கே இருக்கான்னு ஒரு அரசு எழுத்துல ஒத்துக்கிச்சே, அது பெரிய விஷயம்.

நீங்க டாக்டர் இல்லை, முதலாளியும் இல்லை, நான் என்ன செய்யன்னு கேட்டா:

பக்கத்து ரூம்ல, உங்க வீட்டு மாடியில், உங்க சைட்ல அடிபட்டவன் இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்க. டாக்டர்கிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போதும்: “வேலையில் நடந்தது சார், கம்பெனி பேரு இது.” டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஏ.ஆர். நகலையும் அவன் வாங்கிக்கறானான்னு பாருங்க, போட்டோ எடுத்து அவன் போன்லயே வச்சு விடுங்க. காண்ட்ராக்டர் ஆளுன்னு கம்பெனி கைகழுவ முடியாது, காண்ட்ராக்டர் கொடுக்கலைன்னா மெயின் முதலாளிகிட்டயே கேட்கலாம். முக்கியமானது இது: ஊருக்குப் போயிட்டா எல்லாம் போச்சுன்னு நினைக்கிறாங்க. இல்லை. விபத்து நடந்த ஊர்லதான் கேஸ் போடணும்னு இல்லை, தொழிலாளி குடியிருக்கிற ஊர்லயும் இழப்பீடு கேட்டு மனு போடலாம். வக்கீல் ஃபீஸ் இல்லைன்னா இலவச சட்ட உதவிக்கு 15100, நாடு முழுக்க அதே நம்பர். ஆனா அங்கே அவன் நீட்டுற காகிதத்துல “ரூம்ல வழுக்கி விழுந்தான்”னு இருந்தா அந்த நம்பராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கடைசியா ஒரு உதவி. ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி, சந்தாலி தெரிஞ்சவங்க இந்த த்ரெட் படிச்சா, கீழே இருக்கிற கேள்விகளை உங்க குரல்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. கேசுவாலிட்டியில் போன்ல போட்டுக் காட்டுவேன், மத்த ஆஸ்பத்திரி நண்பர்களுக்கும் கொடுப்பேன். (இந்தி மட்டும் போதாதான்னு கேட்காதீங்க, சந்தாலி பேசுறவனுக்கு இந்தியும் எனக்கு இருக்கிற மாதிரிதான். எல்லாரும் இந்தி கத்துக்கணும்னு நான் சொல்றதா இதை வச்சு இன்னொரு சண்டையும் ஆரம்பிக்காதீங்க.)

“உங்க பேரு என்ன? அடிபட்டது எங்கே, வேலை செய்ற இடத்திலயா, தங்குற இடத்திலயா? எந்த மெஷின்? என்ன வேலை பார்த்துட்டு இருந்தீங்க, எத்தனை மணிக்கு? கூட யார் இருந்தா? உங்க வீட்டுல யாருக்குப் போன் பண்ணிச் சொல்லணும்?”

“பீகாருக்கே போயிடுங்க டாக்டர்”னு எழுதப் போறவங்க தாராளமா எழுதலாம். எனக்கு இன்னைக்கு நைட் டூட்டி, காலையில் பார்க்கிறேன்.